கூரை ஏறிய தந்திக்காரி

ஜெகதீஸ்வரி இயல்பில் பொய்க்காரி அல்ல. ரோல்ஸுக்குள் இறைச்சி கொஞ்சம் குறைந்துவிட்டால், "இண்டைக்கு உருளைக்கிழங்கு கூடத்தான், குறை நினையாதேங்கோ" என்று வாங்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவாள். லண்டன் கிங்ஸ்பரியில் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எது நடந்தாலும் ரோல்ஸும் பற்றீஸும் அவளுடைய குசினியிலிருந்துதான் போகும். கையும் சுத்தம், வாயும் சுத்தம் என்று பெயர் எடுத்தவள். அப்படிப்பட்டவள் தன் ஒரே மகளைப் பற்றி மட்டும் சில வருடங்களாக ஒரு பொய்யைச் சொல்லி, அதற்குத் தீனி போட்டு வளர்த்து வந்தாள்.

மகள் துஷ்யா பிறந்தது ஜேர்மனியில். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, பிள்ளைக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று தவராசாவும் ஜெகதீஸ்வரியும் லண்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். தவராசா அங்கே பழகிய குழாய் வேலையை இங்கேயும் தொடர்ந்தார். துஷ்யா எஞ்சினியரிங் படிக்கப் போனாள். ஒரு வருடம் ஒழுங்காகப் போனது. அடுத்த வருடம் தொடங்கிய கையோடு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அப்பா, நான் யூனியை விட்டிட்டன். ரோயல் சிக்னல்ஸில சேர்ந்திட்டன்."

தவராசா இடியப்பத்தைப் பிய்த்தபடி யோசித்தார். "சிக்னல் எண்டால்... ரெயில்வேயோ? பரவாயில்லை, பென்சன் கிடைக்கும்."

"ரெயில்வே இல்லை அப்பா. பிரிட்டிஷ் ஆமி."

இடியப்பம் கோப்பைக்குள் விழுந்தது.

"சுடுற வேலை இல்லை," என்றாள் துஷ்யா அவசரமாக. "ரேடியோ ஒப்பரேட்டர். மெசேஜ் அனுப்பிறது, எடுக்கிறது. முந்தி டெலிகிராபிஸ்ட் எண்டு சொல்லுவினமே, அதுதான்."

"தந்தியடிக்கிற வேலையாம்," என்று தவராசா மனைவிக்கு விளங்கப்படுத்தினார்.

தந்தியோ தபாலோ, ஆமி ஆமிதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே இருவருக்கும் ஊர் நினைவுதான் வரும். அவர்களாவது இளவயதிலேயே ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். மூன்று தெருவுக்கு அப்பால் குடியிருந்த தவராசாவின் அக்கா கமலாம்பிகை, யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றையும் இருந்து பார்த்தவர். ஒரு விடியற்காலையில் ஆமி அவருடைய வீட்டுக்குள் சப்பாத்துக் காலோடு புகுந்து, சாமியறையைக் கிளறிக் கொட்டி, கணவர் தியாகராஜாவைக் கட்டிய சாரத்தோடு இழுத்துக்கொண்டு போனது. பல மாதம் கழித்துத்தான் அவரை விட்டார்கள். பிறகு அவர் லண்டனுக்கு வந்து, நல்லபடியாக வாழ்ந்து, வயது போய்த்தான் கண்ணை மூடினார். ஆனாலும் கமலாம்பிகை இன்றைக்கும், எந்த நாட்டு ஆமியைத் தொலைக்காட்சியில் காட்டினாலும் ரிமோட்டைத் தேடுவார்.

அதனால்தான், "உவள் துஷ்யா இப்ப என்ன செய்யிறாள்?" என்று மச்சாள் கமலாம்பிகை கேட்டபோது, ஜெகதீஸ்வரியின் வாயிலிருந்து "டெலிபோன் கம்பனியில வேலை மச்சாள்" என்று வந்துவிட்டது. தந்தியும் டெலிபோனும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பொய்யைச் சொல்வது லேசு, அதைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு. முதலில் கமலாம்பிகையின் வீட்டு இன்டர்நெட் நின்றது. "டெலிபோன் கம்பனியில எங்கட பிள்ளை இருக்கேக்க நான் ஏன் வேற ஆளைக் கூப்பிடுவான்?" என்று அவர் காத்திருந்தார். லீவில் வந்த துஷ்யா, வந்த களைப்போடு மாமி வீட்டு மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்து வயரை மாற்றிக் கொடுத்தாள். அவளுடைய கெட்டகாலம், இன்டர்நெட் முன்னையைவிட வேகமாக ஓடியது. செய்தி பரவியது. தமிழ்ச் சங்கத் தலைவர் சபாரத்தினம் வீட்டில் மேல்மாடிக்கு வைஃபை ஏறவில்லை. கமலாம்பிகையின் கோயில் சிநேகிதிகள் மூன்று பேருக்கு ஸ்கைப் வேலை செய்யவில்லை. "அம்மா, கேம்பில கூட எனக்கு இவ்வளவு வேலை இல்லை," என்று துஷ்யா அலுத்துக்கொண்டாள்.

பிறகு அவளை அப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். மச்சாளுக்கு என்ன சொல்வது? "துபாய்க்குப் போயிருக்கிறாள் மச்சாள். அங்க பாலைவனத்துக்குள்ள கேபிள் போடுகினமாம்."

"துபாயோ? அப்ப வரேக்க எனக்கு ஒரு சோடி வளையல் கொண்டுவரச் சொல்லு. துபாய்த் தங்கம் திறம் எண்டு சொல்லுகினம்."

பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஒரு சனிக்கிழமை ஜெகதீஸ்வரி ரெயில் மாறி மாறி அப்டன் பார்க்குக்குப் போனாள். கிரீன் ஸ்ட்ரீட் நகைக்கடைகளில் ஏறி இறங்கி, துபாய் வளையல் மாதிரித் தெரிகிற ஒரு சோடியைத் தேடிப் பிடித்தாள். கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். அவள் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். கைப்பைக்குள் கிடந்த போன் எந்த நேரமும் அடிக்கலாம் என்ற பயம் அவளுக்கு.

துஷ்யா திரும்பி வந்தாள். மெலிந்து, கறுத்து, ஆனால் முழுசாக வந்தாள். "துபாய் வெயில் பிள்ளையை வாட்டிப்போட்டுது," என்று கமலாம்பிகை வளையலைப் போட்டுக்கொண்டே பரிதாபப்பட்டார். அத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் ஜெகதீஸ்வரி நினைத்தாள்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு நாள் துஷ்யா போன் எடுத்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு மெடல் தருகினமாம்."

"ஓட்டப் போட்டியிலயோ?"

"இல்லை... அங்க ஒருநாள் கொஞ்சம் கரைச்சலாப் போச்சு. நான் ரேடியோவோட நிண்டனான். அவ்வளவுதான்."

"நிண்டதுக்கும் மெடல் குடுக்கிறாங்களோ? நல்ல நாடு," என்றாள் ஜெகதீஸ்வரி. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை காலையில், வட்டாரத்து இலவசப் பத்திரிகை வழக்கம்போலக் கதவுத் துவாரத்தால் விழுந்தது. மறுநாள் ஒரு பிறந்தநாளுக்கு மரக்கறி ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தவள், மாக் கையோடு அதை எடுக்கப் போனாள். முதல் பக்கம் முழுக்கத் துஷ்யா. தொப்பி போட்டு, பித்தளைச் சின்னம் மின்ன, பல்லைக் காட்டாமல் சிரித்தபடி.

"இஞ்சாருங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தவராசா சவர நுரையோடு ஓடிவந்தார்.

மேசைக்கு முன்னால் அமர்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். ரோந்து போன ஒரு சின்னப் படையணியைச் சுற்றிவளைத்துச் சுட்டிருக்கிறார்கள். அவர்கள் ஒரு மண்சுவர் வீட்டுக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு பேருக்குக் காயம், அந்த வீட்டுச் சிறுமி ஒருத்திக்கும் காயம். ரேடியோவின் அன்டெனாவைக் குண்டு முறித்துவிட்டது. மிச்சம் இருந்த சின்ன அன்டெனா அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி எட்டவில்லை. ரேடியோக்காரி கூரைக்கு ஏறினாள். மல்லாக்கப் படுத்துக்கொண்டு, அன்டெனாவை ஒரு கையால் உயர்த்திப் பிடித்து, மற்றக் கையில் ரேடியோவைப் பிடித்துப் பேசினாள். சுற்றிவரச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஹெலிகொப்டர் வந்து காயப்பட்ட மூன்று பேரையும் தூக்கிக்கொண்டு போகும்வரை அவள் இறங்கவில்லை. அதற்காக மிலிட்டரி க்ராஸ் என்ற வீரப் பதக்கம்.

தவராசா கண்ணாடியைக் கழற்றினார். "கூரை ஏறிக் கோழி பிடிக்கக்கூடத் தெரியாத பிள்ளை எண்டெல்லோ நினைச்சிருந்தன். ஏணியில ரெண்டாம் படியில நிண்டு அழுதவள்," என்றார். மேலே பேச முடியாமல், நுரையையும் கண்ணீரையும் ஒன்றாக வழித்தார்.

ஜெகதீஸ்வரி அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. மகளுக்குப் போன் எடுத்தாள்.

"கூரையில ஏறினனியோடி?"

"கூரை இல்லை அம்மா. மொட்டை மாடி."

"வெடி வைக்கேக்க ஆர் மொட்டை மாடிக்குப் போறது? உனக்கு விசரோ?"

"கீழ சிக்னல் இல்லை அம்மா," என்றாள் துஷ்யா, சபாரத்தினம் வீட்டு வைஃபையைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

போனை வைத்த பிறகுதான் ஜெகதீஸ்வரிக்கு மற்றது உறைத்தது. இந்தப் பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போகும். மச்சாள் வீட்டுக்கும் போகும்.

"வானை எடுங்கோ."

"எங்க?"

"அக்காவின்ர வீட்டை! அவ பாக்கிறதுக்கு முதல் பேப்பரை எடுத்திட வேணும்."

"அக்காதான் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிறேல்லையே."

"படம் பாக்க ஆங்கிலம் வேணுமோ?"

குழாய்களும் சாவிகளும் கடகடக்க, தவராசா வேலைக்கு ஓட்டும் வான் வண்டி மூன்று தெருவைக் கடந்தது. வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் யாரோ அந்தப் பத்திரிகையை விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். இறங்கி அதையும் பறித்துவிடலாமா என்று ஜெகதீஸ்வரிக்கு ஒரு கணம் தோன்றியது.

கமலாம்பிகை கதவைத் திறந்துவிட்டு, செய்த வேலைக்கே திரும்பிப் போனார். குசினி மேசையில் பத்திரிகையை விரித்து, அதன்மேல் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். இலைக் குவியலின் ஓரத்தில் துஷ்யாவின் ஒரு கண்ணும் தொப்பியின் விளிம்பும் தெரிந்தன.

"என்ன ரெண்டு பேரும் ஒண்டா? தம்பிக்கு வேலை இல்லையோ?"

"குழாய் ஏதும் ஒழுகுதோ எண்டு பாப்பம் எண்டு..." என்றார் தவராசா.

"ஒண்டும் ஒழுகேல்லை."

"ஒழுகாட்டிலும் பாக்கலாம்தானே அக்கா."

இதற்குள் ஜெகதீஸ்வரி மேசையை நெருங்கிவிட்டாள். "நீங்கள் இருங்கோ மச்சாள், நான் ஆயிறன். இந்தப் பேப்பர் ஊத்தையாக் கிடக்கு, வேற விரிப்பம்," என்று மூலைகளைச் சேர்த்துத் தூக்கப் பார்த்தாள்.

"விடு, விடு! இப்பதான் வந்த புதுப் பேப்பர்." கமலாம்பிகை தன் பக்கம் இழுத்தார். இவள் தன் பக்கம் இழுத்தாள். இலையெல்லாம் நிலத்தில் கொட்டுண்டது. தொப்பியிலிருந்து நாடிவரை துஷ்யா முழுசாக வெளியே வந்தாள்.

கமலாம்பிகை குனிந்து பார்த்தார். "இதென்ன, எங்கட துஷ்யா மாதிரிக் கிடக்கு."

"சீச்சீ. ஆரோ வெள்ளைக்காரப் பிள்ளையாக்கும்."

"வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எங்கட ஐயாவின்ர மூக்கோ?"

தவராசா தண்ணீர்க் குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். கமலாம்பிகை தலைப்பின் பெரிய எழுத்துகளில் விரலை வைத்து நகர்த்தினார். ஒரு சொல்லில் விரல் நின்றது. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர்தான். ஆனால் அந்தச் சொல்லை அவர் ஊரில் லொறிகளிலும் முகாம் வாசல்களிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"டெலிபோன் கம்பனி எண்டு சொன்னனீ, ஈஸ்வரி."

"ஓம் மச்சாள்... ரேடியோதான்... தந்தி மாதிரி..."

"ரெண்டு பேரும் வீட்டை போங்கோ." அவர் சத்தம் போடவில்லை. நிலத்தில் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். உதவிக்குக் குனிந்த தம்பியையும் கையால் தடுத்தார்.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் எடுக்கவில்லை. கதவைத் தட்டினால் திறக்கவில்லை. மற்றவர்கள்தான் ஓயாமல் போன் எடுத்தார்கள். சபாரத்தினம், "பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு விழா வைப்பம் தங்கச்சி. மகாராணியின்ர அரண்மனைக்கு மெடல் வாங்கப் போகேக்க எங்கட சமூகத்தின்ர சார்பில ஒரு ஆள் கூட வந்தால் நல்லம். எனக்கு வசதிதான்," என்றார். ஸ்ட்ரெதமிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி போன் எடுத்து, தன் மகளையும் எந்தப் பிரிவில் சேர்க்கலாம் என்று விசாரித்தாள். நாற்பது ரோல்ஸுக்கு ஓடர் கொடுத்திருந்த ஒரு வீட்டுக்காரர் மட்டும், "ஆமிக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்ச ஆமிக்குப் பிள்ளை குடுத்திருக்கிறியள். நல்லா இருக்குது," என்று சொல்லி ஓடரை நிறுத்திவிட்டார். பல இரவுகள் ஜெகதீஸ்வரியும் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

அடுத்த சனிக்கிழமை துஷ்யா வீட்டுக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பையைக்கூட இறக்காமல் வெளியே நடந்தாள்.

"எங்கயடி போறாய்?"

"மாமி வீட்டை."

"திறக்கமாட்டா."

"பாப்பம்."

ஜெகதீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். மாமி வீட்டு வாசலில் நின்று துஷ்யா மணியை அடிக்கவில்லை. தபால் துவாரத்தில் வாயை வைத்து, "மாமி, நான் துஷ்யா. திறக்காட்டில் இதிலயே நிப்பன். எனக்கு நிண்டு பழக்கம்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

கமலாம்பிகை கதிரையில் அமர்ந்தார். துஷ்யா கம்பளத்தில் காலை மடித்து உட்கார்ந்தாள். ஜெகதீஸ்வரி எங்கே இருப்பதென்று தெரியாமல் குசினி வாசலில் நின்றாள்.

"ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லு," என்றார் கமலாம்பிகை. "சனங்களின்ர வீட்டுக்குள்ள போனனியோ?"

"போனனான் மாமி. அந்த வீட்டுக்குள்ள கேக்காமல்தான் போனனாங்கள். சுட்டுக்கொண்டு நிண்டவை, வேற வழி இல்லை. ஆனா கேக்காமல்தான்."

"சப்பாத்தோடயோ?"

"ஓம். சப்பாத்தோட."

ஜெகதீஸ்வரி குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன இந்தப் பிள்ளை?

"அங்க ஒரு அம்மா இருந்தவ," என்று துஷ்யா தொடர்ந்தாள். "அவவின்ர மகளுக்குத்தான் காயம். நான் மேல ஏறப் போகேக்க அவ என்னைப் பாத்து ஏதோ கத்தினவ. எனக்கு அந்தப் பாஷை விளங்கேல்லை. பிறகு எல்லாம் முடிஞ்சாப்பிறகு மொழிபெயர்க்கிறவரிட்டக் கேட்டனான்."

"என்னவாம்?"

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறு எண்டவவாம். அண்டைக்குக் காலமைதான் மாடியில தானியம் காயப் போட்டவவாம்."

கமலாம்பிகையின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் ஜெகதீஸ்வரி நினைத்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. முதலில் மூக்கால் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு கண்ணால் நீர் ஓடியது.

"நானும் அதைத்தானடி சொன்னனான்! அண்டைக்கு அவங்கள் சாமியறைக்குள்ள போகேக்க, துவக்கைக்கூட நான் பாக்கேல்லை. 'சப்பாத்தைக் கழட்டுங்கோடா' எண்டு கத்தினனான். சிங்களம் தெரியாது, தமிழிலதான். உன்ர மாமாவை இழுத்துக்கொண்டு போறாங்கள், நான் சப்பாத்தைப் பற்றிக் கத்திறன்." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்தச் சின்னப் பிள்ளை?"

"பிழைச்சிட்டாள். நடக்கிறாளாம்."

"நீ கழட்டினனியோ?"

"இல்லை மாமி. நேரம் இல்லை."

"ம்." கமலாம்பிகை மருமகளின் தலையில் கையை வைத்தார். "ஆமியை எனக்குப் பிடியாது. இனியும் பிடிக்காது. உன்னை எனக்குப் பிடிக்கும். நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்?"

துஷ்யா அவருடைய முழங்காலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அப்கானிஸ்தானிலிருந்து வந்த பிறகு அவள் அழுததை ஜெகதீஸ்வரி அன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்தாள். தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்த் தானும் அழுதாள்.

தேத்தண்ணியோடு வந்தவளைக் கமலாம்பிகை நிறுத்தினார். "உனக்கும் எனக்கும் கணக்கு வேற, ஈஸ்வரி. துபாய் வளையல் எண்டு தந்தனியே..."

"மச்சாள், அது..."

"கிரீன் ஸ்ட்ரீட்டில வாங்கினது. எனக்கு அண்டைக்கே தெரியும். பெட்டிக்கு அடியில அந்தக் கடைக்காரன்ர விலாசக் காட் கிடந்தது. பிள்ளை மறந்துபோய் வந்திட்டாள், தாய்க்காரி மானத்தைக் காப்பாத்தக் கடைக்கு ஓடியிருக்கிறாள் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்தனான்." அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "மெடல் எங்க வைச்சுத் தருவினம்?"

"அரண்மனையில மாமி. மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம்," என்றாள் துஷ்யா.

"அப்ப சரி. உன்ர அப்பா, அம்மா, நான். சபாரத்தினத்தாரை விழாவில மாலை போடச் சொல்லு."

அந்த நாளும் வந்தது. கமலாம்பிகை கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் உடுத்தி, குளிருக்கு மேலங்கி போட மாட்டேன் என்று அடம்பிடித்தார். "இவ்வளவு வடிவான சீலையை மூடிக்கொண்டு போறதுக்கோ கட்டினனான்?" தவராசா புதுக் கோட்டுக்குள் கதவு இடுக்கில் அகப்பட்டவர் மாதிரி விறைத்து நடந்தார்.

அரண்மனை வாசலில் பைகளைச் சோதித்தார்கள். கமலாம்பிகையின் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிச் சரை வெளியே வந்தது. காவலர் அதை விரித்தார். உள்ளே வெள்ளைத் தூள். தவராசாவின் முகத்தில் இரத்தம் வற்றியது. துஷ்யா வேறு வாசலால் ஏற்கெனவே உள்ளே போய்விட்டாள். ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று இவர் தடுமாறிக்கொண்டிருக்க, கமலாம்பிகை மூன்று விரலைச் சரைக்குள் தோய்த்து, தன் நெற்றியில் இழுத்துப் பூசி, "சிவா. ஹோலி ஆஷ். வெரி குட்," என்றார். காவலர் அவருடைய நெற்றியையும் சரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதே மடிப்பில் கவனமாக மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "நல்ல பெடியன்," என்று கமலாம்பிகை அவருக்குச் சான்றிதழ் வழங்கிவிட்டு நடந்தார்.

உள்ளே சிவப்புக் கம்பளமும் பொன் பூசிய கதிரைகளும். எங்கோ மேலே வாத்தியக் குழு மெல்ல வாசித்துக்கொண்டிருந்தது. பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். துஷ்யாவின் முறை வந்தபோது, ஒருவர் அவளைப் பற்றி இரண்டு மூன்று வசனம் வாசித்தார். ஜெகதீஸ்வரிக்கு அந்த ஆங்கிலம் முழுக்க எட்டவில்லை. கூரை என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அந்தச் சொல்லோடு வெயிலுக்கும் புழுதிக்கும் நடுவில், வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாக்கக் கிடக்கும் தன் பிள்ளை கண்ணுக்குள் வந்தாள். அந்த நேரம் தான் எங்கே நின்றிருப்பாள்? அடுப்படியில் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அவளுடைய கை தானாக நீண்டது. மச்சாளின் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. இருவரும் எலும்பு நோக இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

துஷ்யா நிமிர்ந்து நடந்தாள். நின்றாள். தலை வணங்கினாள். பதக்கம் நெஞ்சில் ஏறியது. பின்னால் ஓரடி வைத்து, திரும்பி, தாயும் தகப்பனும் மாமியும் இருந்த பக்கம் கண்ணை மட்டும் ஒரு கணம் ஓட்டினாள்.

வெளியே முற்றத்தில் படம் எடுக்கும்போதுதான் கிட்டப் பார்க்க முடிந்தது. வெள்ளைப் பட்டியில் ஊதாக் கோடு, அதன் கீழே வெள்ளிச் சிலுவை. பக்கத்தில், அப்கானிஸ்தானுக்குப் போய்வந்த எல்லோருக்கும் கொடுத்த வட்டப் பதக்கம். கமலாம்பிகை சிலுவையைச் சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வெள்ளியோ?"

"ஓம் மாமி."

"தங்கத்தில குடுத்திருக்கலாம். அவ்வளவு பெரிய வீட்டை வைச்சுக்கொண்டு." பிறகு சரையைத் திறந்து, அந்தப் பெருமுற்றத்தின் நடுவில், சீருடையோடு நின்ற மருமகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். துஷ்யா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

கிரீன் பார்க்கில் ரெயில் ஏறினார்கள். கிங்ஸ்பரிக்கு மாறாமல் போகலாம். இரண்டு இடம் வெறுமையாகக் கிடந்தது, இரண்டு இளைஞர்கள் எழும்பி மற்ற இரண்டைக் கொடுத்தார்கள். விடியற்காலையிலேயே எழுந்து வெளிக்கிட்ட களைப்பு. தவராசா முதலில் சரிந்தார். அவருடைய தோளில் கமலாம்பிகை, கமலாம்பிகைக்குப் பக்கத்தில் துஷ்யா. கிங்ஸ்பரி வந்ததும் எல்லாரையும் எழுப்ப வேண்டும் என்று ஜெகதீஸ்வரி கண்ணை அகல விரித்துக்கொண்டு இருந்தாள். வெம்பிளி கடந்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

யாரோ மெல்லக் கூப்பிட்ட சத்தத்தில் விழித்தபோது பெட்டி வெறுமையாகக் கிடந்தது. ஒரு நிலைய ஊழியர், வயதான கறுப்பின மனிதர், முன்னால் குனிந்து நின்றார். ஸ்டான்மோர். பாதையின் கடைசி நிலையம்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! எழும்புங்கோ!"

நால்வரும் தடுமாறி இறங்கினார்கள். துஷ்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பட்டாலியன்ல ஆரும் கேள்விப்பட்டால் மெடலைப் பறிப்பினம்," என்றாள். தவராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பிப் போகிற ரெயில் அடுத்த மேடையில் கதவு திறந்து தயாராக நின்றது.

ஊழியருடைய கண் பதக்கத்தில் விழுந்தது. அது எதற்குக் கிடைத்தது என்று துஷ்யாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

துஷ்யா வாயைத் திறக்குமுன் கமலாம்பிகை முன்னுக்கு வந்துவிட்டார். "மை பிரதர் டோட்டர்," என்று தொடங்கினார். "ஷூட்டிங், ஷூட்டிங். ஷீ கோ அப் ரூஃப்." சொல் போதாத இடத்தில் கை பேசியது. அவர் ஒரு கையை வானத்துக்கு உயர்த்தி அன்டெனாவைப் பிடித்தார். மற்றக் கையைக் காதில் வைத்துக் கதைத்தார். கத்தரிப்பூச் சீலை காற்றில் படபடக்க, விரலைச் சுழற்றி ஹெலிகொப்டரைக் கொண்டுவந்து இறக்கினார். ஊழியர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். இடையில் தவராசா ஒரு சொல்லைத் திருத்தப் போக, "நீ சும்மா இரு தம்பி, நான் சொல்லுறன்," என்று அடக்கிவிட்டார்.

ஹெலிகொப்டர் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய இடத்தில், பக்கத்து மேடை ரெயிலின் கதவுகள் மூடிக்கொண்டன. அது புறப்பட்டுப் போவதை ஜெகதீஸ்வரி பார்த்தாள். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் இடம்பிடித்து அமர்ந்து, மச்சாள் மிச்சத்தைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.